உடலுழைப்பும் உடற்பயிற்சியும்: ஓர் அறிவின் சமூக வரலாறு

மனிதன் தன் உடலை இயக்கி வாழ்வதற்கும் அவனது ஆரோக்கியத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டென்ற எண்ணம் புதியதன்று. வைத்திய நூல்கள் தோன்றிய காலந்தொட்டே அது பலவாறு கூறப்பட்டு வந்துள்ளது. ஆயின், அவ்வெண்ணம் அறிவுரை என்ற நிலையிலிருந்து, எண்ணிக்கையாற் சோதிக்கப்பட்ட உண்மை என்ற நிலையை எய்தியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயாகும். அதற்கு ஆதாரமாய் அமைந்த தரவுகள் விளையாட்டு வீரரிடமிருந்தோ உடற்பயிற்சிக் கூடங்களிலிருந்தோ பெறப்பட்டவையல்ல. பஸ் நடத்துநர், தபாற்காரர், துறைமுகத் தொழிலாளர் ஆகியோரின் அன்றாட உழைப்பிலிருந்து பெறப்பட்டவை. இன்று அதே அறிவு, நேரமும் வசதியும் உடையோர் மாலை வேளையில் மேற்கொள்ளும் நடையாகவும் ஓட்டமாகவும் எமக்குத் திருப்பித் தரப்படுகின்றது. உழைப்பின் மடியிற் பிறந்த அறிவு ஓய்வுநேரத்தின் உடைமையாக மாறியது எவ்வாறு என்பதும், அம்மாற்றத்தின்போது கைவிடப்பட்ட வினாக்கள் யாவை என்பதுமே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்டவை. பிள்ளைப் பருவம், நடுவயது, முதுமை என்னும் மூன்று பருவங்களுக்கும் உரிய வரலாறுகள் வெவ்வேறு காலங்களிலும் வெவ்வேறு நோக்கங்களிலும் உருவாயின. அவற்றை ஒருங்குவைத்து நோக்கும்போதே இவ்விடயத்தின் சமூக அடித்தளம் புலப்படுகின்றது.

பண்டைய நூல்கள் யாருக்காக எழுதப்பட்டன என்பதை முதலில் நோக்குதல் தகும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான கலென், கிளாடியேற்றர்களுக்கு வைத்தியராயிருந்தவர். குழந்தை முதல் முதியவர் வரை ஒவ்வொரு பருவத்தினரும் உடலைப் பேணும் முறையை விரிவாக எழுதியவர். ஆயின் அவர் தம் நூலுக்கு முதன்மை மாதிரியாகக் கொள்ளும் மனிதன், எத்தொழிலின் கட்டாயத்துக்கும் உட்படாதவன். தன் நாட்பொழுதைத் தான் விரும்பியவாறு செலவிடக்கூடியவன். அடிமைகளின் உழைப்பில் நிலைத்த ஒரு சமுதாயத்தில் அத்தகையோர் எத்துணைப் பேர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். வடமொழி வைத்திய மரபிலும், ஒருவன் தன் வலிமையின் அரைப்பங்கு அளவுக்கே தேகாப்பியாசம் செய்தல் வேண்டும் என்றும், வயது, வலிமை, இடம், காலம், உணவு ஆகியவற்றை நோக்கி அதனை வரையறுத்தல் வேண்டும் என்றும் சுசுருதர் பெயரில் வழங்கும் நூல் கூறுகின்றது. நுட்பமான கருத்துத்தான். எனினும், அரைப்பங்கு வலிமையோடு நிறுத்திக்கொள்ளும் உரிமை ஏர் பிடித்தவனுக்கும் கல் சுமந்தவனுக்கும் இருந்ததா என்ற வினா அங்கு எழவில்லை. இவ்வினாவை முதன்முதலிற் கருத்தோடு அணுகியவர் இத்தாலியரான பெர்னார்டினோ ரமாற்சினி எனலாம். 1700 ஆம் ஆண்டில் மொடெனாவில் வெளிவந்த அவரது நூல் தொழிலாளரின் நோய்களைத் தொழில்வாரியாக ஆராய்ந்தது. நாள் முழுதும் குனிந்திருந்து தொழில் புரியும் தையற்காரரும் சப்பாத்துத் தைப்போரும் ஒருவகை நோய்களுக்கும், பாரம் சுமப்போர் வேறுவகை நோய்களுக்கும் ஆளாவதை அவர் கண்டார். நோயாளியிடம் அவனது தொழில் யாது என்பதையும் வைத்தியர் கேட்டறிதல் வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. அவ்வினா மீண்டும் வலுவுடன் எழ இருநூற்றைம்பது ஆண்டுகள் சென்றன.

இடைப்பட்ட காலத்தில் உடற்பயிற்சியைப் பொறுப்பேற்றது அரசு. அது பற்றிக்கொண்ட பருவம் பிள்ளைப் பருவம். 1806 இல் யேனாப் போர்க்களத்தில் நெப்போலியனிடம் புருசியா தோல்வியுற்றது. 1811 இல் பேர்லின் நகர்ப்புறத்து ஹாசன்ஹைடேயில் பிரீட்ரிச் யான் இளைஞருக்கான பயிற்சித் திடலைத் திறந்தார். சுவீடன் 1809 இல் பின்லாந்தை ருசியாவிடம் இழந்தது. 1813 இல் ஸ்ரொக்ஹோமில் பேர் ஹென்றிக் லிங்கின் தலைமையில் அரச தேகாப்பியாச நிறுவகம் தோன்றியது. தோல்வியுற்ற அரசுகளே முதலில் பிள்ளைகளின் உடல்களை நோக்கின என்பது தற்செயலன்று. யானின் இயக்கத்தில் தேசிய உணர்வுடன் முடியாட்சிக்கு எதிரான உணர்வும் கலந்திருந்தமையால், 1819 இல் அவர் சிறைப்பட்டார். 1820 முதல் 1842 வரை அப்பயிற்சித் திடல்கள் புருசியாவில் தடைசெய்யப்பட்டிருந்தன. உடல்வலு பெற்ற குடிமகன் அரசுக்குப் பயன்படுபவன் மட்டுமல்லன், ஆபத்தானவனும் ஆவான் என்பதை ஆளும் வர்க்கம் விரைவிலேயே உணர்ந்துகொண்டது.

பிரித்தானியாவில் இவ்வரலாறு ஏகாதிபத்தியத்துடன் நேரடியாகப் பிணைந்துள்ளது. 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நடைபெற்ற போயர் யுத்தத்துக்குப் படைதிரட்ட முற்பட்டபோது, கைத்தொழில் நகரங்களின் இளைஞர் பெருந்தொகையினர் தகுதியற்றோர் எனத் தள்ளப்பட்டனர். படையிற் சேர முன்வருவோர் ஐவருள் இருவரே ஈராண்டுகளின் பின் தக்க போர்வீரராக எஞ்சுகின்றனர் என்று தளபதி பிரடெரிக் மொறிஸ் 1902 இல் எழுதியபோது பெரும் பீதி கிளம்பிற்று. அதே ஆண்டில், யுத்த அமைச்சின் துணையோடு தயாரிக்கப்பட்ட மாதிரிப் பயிற்சித் திட்டம் ஆரம்பப் பாடசாலைகளிற் புகுத்தப்பட்டது. ஏழைப் பிள்ளைகள் சிறு படைவீரர்போல் அணிவகுக்கலாயினர். ஆனால் 1904 இல் வெளிவந்த உடற்சீர்கேடு பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கை, பரம்பரை வழியாக இனம் சீர்கெடுகின்றது என்ற வாதத்துக்கு ஆதாரமில்லை என்று கண்டது. உணவு, இருப்பிடம், சுற்றாடல் ஆகியவற்றையே காரணங்களாகச் சுட்டிற்று. 1906 இல் பாடசாலை உணவுச் சட்டமும் 1907 இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கான சட்டமும் வந்தன. பசித்த பிள்ளைக்குத் தேகாப்பியாசம் கற்பிப்பதன் பயனின்மையை ஒரு பேரரசு உணர்ந்துகொள்ள ஒரு யுத்தத்தின் அவமானம் தேவைப்பட்டது. சுவீடன் முறையைத் தழுவிய 1909 ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் படையணிப் பண்பை ஓரளவு தளர்த்தியது. இம்முறையை லண்டன் பாடசாலைச் சபையின் பெண்பிள்ளைகளுக்கு 1881 முதற் கொண்டுசென்றவர் சுவீடன் நாட்டவரான மார்ட்டினா பேர்க்மன் என்னும் பெண்மணி என்பதும், அவர் 1885 இல் தொடங்கிய பயிற்சிக் கல்லூரி பெண்களுக்கு ஒரு புதிய தொழிற்றுறையையே திறந்துவிட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கவை. எமது பாடசாலைகளில் நெடுங்காலம் வழங்கிய 'டிறில்' என்ற சொல், இவ்வரலாற்றின் எச்சமே.

இருபதாம் நூற்றாண்டிலும் பிள்ளைகளின் உடல் அரசியலின் நிழலிலிருந்து விடுபடவில்லை. சோவியத் நாட்டில் 1931 இல் தொடங்கிய திட்டத்தின் பெயரே 'உழைப்புக்கும் பாதுகாப்புக்கும் தயார்' என்பதாகும். 1972 இல் அது 10 வயது முதல் 60 வயது வரை விரிவாக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதையும் ஒரே தொடராகக் கண்டமையும் உழைப்பை முதலிற் குறிப்பிட்டமையும் அதன் சிறப்புகள். பாதுகாப்பு என்ற இரண்டாவது சொல்லை நாம் மறைத்துக்கூற வேண்டியதில்லை. மறுபுறத்தில், ஐக்கிய அமெரிக்காவில் ஹான்ஸ் கிறவுஸ் முதலியோர் 1950களின் முற்பகுதியில் நடத்திய எளிய தசைச் சோதனைகளில் அமெரிக்கப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேரும், இத்தாலி, ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளின் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேரும் தவறினர். ஜனாதிபதி ஐசனோவர் 1956 இல் இளைஞர் உடற்றகுதிக்கென ஒரு சபையையே நிறுவினார். அச்சோதனைகள் பெரும்பாலும் உடலின் வளைதிறனையும் இடுப்பு, வயிற்றுத் தசைகளின் வலுவையும் மட்டுமே அளந்தன என்பதைக் கெடுபிடி யுத்தத்தின் அச்சத்திற் பலர் கவனிக்கவில்லை.

இனி, எமது ஆய்வின் மையப் பகுதிக்கு வருவோம். நடுவயதினரின் இருதயம் பற்றிய அறிவு, பிள்ளைகளைப் பற்றிய இவ்வரலாற்றிலிருந்து வேறான ஊற்றில் தோன்றியது. ஜெறி மொறிஸ் 1910 இல் லிவர்பூலில், போலந்திலிருந்து புலம்பெயர்ந்த யூதக் குடும்பமொன்றிற் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது இராணுவ வைத்தியராக இந்தியாவிலும் கடமையாற்றியவர். தம்மைச் சோசலிசவாதியென வெளிப்படையாகக் கூறிக்கொண்டவர். ரிச்சட் ரிற்மஸுடன் இணைந்து, வறுமைக்கும் பிள்ளைகளின் வாதக் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை யுத்த காலத்திலேயே ஆராய்ந்தார். 1948 இல், தேசிய சுகாதார சேவை தொடங்கிய அதே ஆண்டில், மருத்துவ ஆராய்ச்சி மன்றம் அமைத்த சமூக மருத்துவப் பிரிவின் பணிப்பாளரானார். அக்காலத்தில் முடியுருநாடி இருதய நோய் நடுவயது ஆண்களிடையே ஏறிக்கொண்டே சென்றது. காரணம் தெரியவில்லை. லண்டன் வைத்தியசாலையொன்றின் 1907 முதலான பிரேத பரிசோதனைப் பதிவேடுகளை ஆராய்ந்த மொறிஸ், நாடிச் சுவர்களிற் படியும் கொழுப்பு அதிகரிக்காதபோதும் மாரடைப்பு அதிகரித்திருப்பதைக் கண்டு 1951 இல் வெளியிட்டார். அங்ஙனமாயின் நாடிக்கு வெளியே, வாழ்க்கை முறையில், ஏதோ மாறியிருத்தல் வேண்டும். ரமாற்சினியின் வினா மீண்டும் எழுந்தது: தொழில் யாது?

லண்டன் போக்குவரத்துச் சேவையிற் பணியாற்றிய, 35 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ 31,000 ஆண்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். இத்தெரிவின் நுட்பத்தை இங்கு விளக்குதல் அவசியம். இரட்டைத்தட்டு பஸ்ஸில் இருவர் பணிபுரிவர். இருவரும் ஒரே வர்க்கத்தினர். ஒரே பகுதிகளில் வாழ்வோர். ஏறக்குறைய ஒரே வருமானம் பெறுவோர். ஒருவர் சாரதி, தம் வேலைநேரத்தின் மிகப்பெரும் பகுதியை இருக்கையிலேயே கழிப்பவர். மற்றவர் நடத்துநர், ரிக்கற் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறுபவர். இயற்கையே அமைத்துத்தந்த பரிசோதனை போன்றது இது. முதலாளித்துவ நகரத்தின் தொழிற் பிரிவினை அமைத்துத்தந்த பரிசோதனை என்பதே பொருத்தமாகும். 1953 நவம்பரில் லான்செற் சஞ்சிகையில் இரு பகுதிகளாக வெளிவந்த முடிவுகளின்படி, ஆயிரம் சாரதிகளுக்கு ஆண்டொன்றுக்கு 2.7 பேரும், ஆயிரம் நடத்துநருக்கு 1.9 பேரும் முடியுருநாடி நோய்க்கு முதன்முறை ஆளாயினர். நடத்துநருக்கு நோய் வந்தபோதும் அது கடுமை குறைந்ததாய் இருந்தது. நோய் கண்ட உடனடிக் காலத்தில் இறப்போர் சாரதிகளிடையே இருந்த வீதத்தின் ஏறத்தாழ அரைப்பங்கே.

போக்குவரத்து நெரிசலிற் பஸ்ஸைச் செலுத்தும் சாரதியின் மனப்பளு காரணமாகலாம் அன்றோ என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது. அதற்காகவே ஆய்வாளர் தபாற் சேவைக்குச் சென்றனர். நடந்தும் துவிச்சக்கரவண்டியிற் சென்றும் கடிதம் விநியோகிப்போரை, அமர்ந்திருந்து வேலைசெய்யும் எழுதுவினைஞர், தொலைபேசி இயக்குநர் ஆகியோருடன் ஒப்பிட்டபோதும் அதே வேறுபாடு தோன்றியது. அங்கு பஸ்ஸும் இல்லை, நெரிசலும் இல்லை. 1958 இல் பிரித்தானியா முழுவதிலுமுள்ள வைத்தியசாலைகளின் பிரேத பரிசோதனைகளைத் திரட்டி மொறிஸும் மார்கிறற் குறோபோட்டும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. கடும் உழைப்பாளரின் நாடிகளிலும் கொழுப்புப் படிந்தேயிருந்தது. ஆனால் அவர்களின் இருதயத் தசையிற் பெரிய வடுக்கள் குறைவு. உழைப்பு நாடியைத் தூய்மையாக வைத்திருக்கவில்லை. நாடி கெட்டபோதும் இருதயத்தைத் தாங்கவைத்தது.

பிறிதோர் ஐயம் எளிதில் நீங்குவதாயில்லை. பருமனான உடலுடையோரே சாரதித் தொழிலை நாடினரோ? இதனைச் சோதிக்க அவர்கள் கையாண்ட வழி எம்மை வியக்கவைக்கின்றது. பஸ் ஊழியருக்குச் சீருடை வழங்கும்போது தையலுக்காகக் குறிக்கப்பட்ட இடுப்பளவுகளைப் பார்த்தனர். இளம் வயதுத் தொகுதியிலேயே சாரதிகளின் காற்சட்டை இடுப்பளவு நடத்துநருடையதைவிட அதிகமாயிருந்தது. 1956 இல் இதனை 'சீருடைகளின் நோய்ப்பரவலியல்' என்று சிறிது நகைச்சுவையோடு பெயரிட்டு வெளியிட்டனர். தமது கருதுகோளுக்கு இது ஓரளவு பாதகமானது என்பதை மறைக்காது வெளியிட்ட அந்த நேர்மையை எமது ஆய்வு மாணவர் கவனித்தல் நன்று. தையற்காரனின் கணக்குப் புத்தகமும் வரலாற்று மூலமாகும் என்பது அதனினும் முக்கியமான பாடம்.

அத்திலாந்திக் கடலுக்கு அப்பால், றால்வ் பவன்பார்கர் சான் பிரான்சிஸ்கோத் துறைமுகத் தொழிலாளரை ஆராய்ந்தார். அவ்வாய்வுக்கு அடித்தளமிட்டது தொழிற்சங்கமொன்று என்பது பலரும் அறியாத செய்தி. ஹரி பிறிட்ஜஸின் தலைமையில் இயங்கிய துறைமுகத் தொழிலாளர் சங்கம் தன் அங்கத்தவருக்காக 1951 இல் நடத்துவித்த மருத்துவப் பரிசோதனையில் பங்குகொண்டோரே பின்னர் 22 ஆண்டுகள் தொடர்ந்து அவதானிக்கப்பட்ட 6,351 பேர். பாரமான சரக்குகளைக் கையாண்டோரிடை மாரடைப்பு மரணம், இலகுவேலை செய்தோருடையதன் ஏறத்தாழ அரைப்பங்காக இருந்ததென 1975 இல் வெளியிடப்பட்டது. ஆயின் அம்முடிவு வெளிவந்தபோது, அந்த வேலையே மறைந்துகொண்டிருந்தது. 1960 இல் சங்கமும் கம்பனிகளும் செய்துகொண்ட இயந்திரமயமாக்க உடன்படிக்கையைத் தொடர்ந்து கொள்கலன்கள் வந்தன. முதுகும் தோளும் செய்ததைப் பாரந்தூக்கிகள் செய்தன. லண்டனிலும் நடந்தது இதுவே. சாரதியே ரிக்கற்றும் கொடுக்கும் முறை படிப்படியாகப் பரவி, 2005 டிசம்பரில் பழைய இரட்டைத்தட்டு பஸ்கள் வழமையான சேவையிலிருந்து விலக்கப்பட்டதோடு நடத்துநர் என்ற தொழில் அந்நகரில் ஏறத்தாழ முற்றுப்பெற்றது. இருதயத்தைக் காக்கும் தொழில் எதுவென்று விஞ்ஞானம் கண்டறிந்த அதே காலத்தில், இலாபக் கணக்கு அத்தொழிலை அகற்றிக்கொண்டிருந்தது.

இந்நிலையில் ஆய்வு திசைமாறுவது தவிர்க்க முடியாததாயிற்று. உழைப்பில் உடலியக்கம் அருகிவருமாயின் ஓய்வுநேரத்தில் அதனைத் தேடுதல் வேண்டும் என்று மொறிஸ் கருதினார். 1968 முதல் 1970 வரை, மேசையில் அமர்ந்து பணியாற்றும் ஏறத்தாழ 17,000 நடுத்தர நிர்வாக உத்தியோகத்தரிடம், முந்திய வெள்ளி, சனி ஆகிய இரு நாட்களில் என்ன செய்தனர் என்பது திங்கட்கிழமை காலையிற் கேட்டுப் பதியப்பட்டது. நீந்துதல், தோட்டம் கொத்துதல், விரைந்து நடத்தல் போன்ற கடும் இயக்கங்களில் ஈடுபட்டோருக்கு நோய்வாய்ப்பு மற்றையோருடையதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு என 1973 இல் அறிவிக்கப்பட்டது. பவன்பார்கரும் 1916 முதல் 1950 வரை ஹாவாட் பல்கலைக்கழகத்திற் புகுந்த 16,936 பழைய மாணவரை ஆராய்ந்தார். இளமையில் விளையாட்டு வீரராயிருந்து பின்னர் சோம்பியிருந்தோருக்கு அவ்விளமை எந்தப் பாதுகாப்பையும் அளிக்கவில்லை. இளமையில் விளையாடாது பின்னர் இயங்கத் தொடங்கியோர் பயன்பெற்றனர். வாழ்நாள் பற்றிய சிந்தனையில் இது ஒரு திருப்புமுனை. உடலின் நலம் இளமையிற் சேமித்து முதுமையிற் செலவிடும் பணமன்று. ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக ஈட்டப்பட வேண்டியது.

விஞ்ஞான நோக்கில் இத்தெரிவுகள் குறைகூற முடியாதவை. ஒரே வர்க்கத்தினரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டால்தான் வருமானம், கல்வி ஆகியவற்றின் தாக்கத்தை நீக்கி உடலியக்கத்தின் தாக்கத்தைத் தனியே காணமுடியும். ஆயின் இவ்வழியில், வர்க்கம் என்பது தரவுகளிலிருந்தே நீங்கிவிட்டது. உத்தியோகத்தரும் பட்டதாரிகளும் தந்த விடைகள் எல்லா மனிதருக்கும் உரிய விதிகளாக வெளிவந்தபோது, வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் தமக்கென இல்லாதோர் எங்கு செல்வர் என்ற வினா விடுபட்டது. மேலும், நாம் இதுவரை கூறிய பெருந்தொகுதிகள் யாவும் ஆண்களைப் பற்றியவை. நீர் இறைத்தல், விறகு சுமத்தல், பிள்ளையைத் தூக்குதல் ஆகியவை உழைப்பாகவோ உடற்பயிற்சியாகவோ எந்தப் பட்டியலிலும் நெடுங்காலம் இடம்பெறவில்லை.

முதுமையின் வரலாறும் வறியோரிடமிருந்தே தொடங்குகின்றது. 1935 இல் லண்டனின் மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலை, அருகிலிருந்த வறியோர் சட்ட விடுதியின் நோயாளர் பகுதியைப் பொறுப்பேற்றது. அங்கு நூற்றுக்கணக்கான முதியோர், நோய் என்னவென்றே ஆராயப்படாது, ஆண்டுக்கணக்காகப் படுக்கையிலேயே கிடந்தனர். மாஜறி வொறன் என்னும் பெண் வைத்தியர் அவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்தார்; எழுப்பினார்; உடுத்துவித்தார்; நடக்கவைத்தார். பலர் வீடு திரும்பினர். அவர்களை முடமாக்கியது முதுமையன்று, படுக்கையே என்பதை அவரது 1943, 1946 ஆம் ஆண்டுக் கட்டுரைகள் நிறுவின. படுக்கையின் அபாயங்கள் பற்றி றிச்சட் ஆசர் எழுதிய புகழ்பெற்ற சிறு கட்டுரை 1947 இல் வெளிவந்தது. அமெரிக்காவின் டலஸ் நகரில் 1966 இல், இருபது வயதான ஐந்து ஆரோக்கியமான மாணவர் மூன்று வாரம் படுக்கையில் வைக்கப்பட்டனர். அவர்களது உடல் உச்ச அளவில் ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றல் நான்கிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. அதே ஐவரும் முப்பது ஆண்டுகளின் பின்னர் மீண்டும் சோதிக்கப்பட்டனர்: முப்பது ஆண்டு மூப்பு செய்ததைவிட அம்மூன்று வாரப் படுக்கை அதிக தீங்கு செய்திருந்தது. பொஸ்ரன் நகரின் முதியோர் நிலையமொன்றில் மரியா பியாற்றறோன் நடத்தி 1990 இல் வெளியிட்ட சோதனையில், தொண்ணூறு வயதளவிலான பத்துப்பேர் எட்டு வாரப் பாரப் பயிற்சியை மேற்கொண்டனர். பயிற்சியை முடித்த ஒன்பதின்மரின் தொடைத் தசை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் ஊன்றுகோலைக் கைவிட்டனர். முதியோர் ஓய்வெடுத்தல் வேண்டும் என்னும், எமது இல்லங்களில் அன்பின் பெயரால் இன்றும் வழங்கும் கருத்தை இச்சோதனை வலுவாக மறுக்கின்றது.

இவையனைத்தும் ஒரே திசையைக் காட்டுவன போலத் தோன்றும் வேளையில், 2010 களில் ஒரு முரண்பாடு தலைதூக்கியது. கொப்பன்ஹேகனில் அண்டிரியாஸ் ஹோல்டர்மன் முதலியோர், ஓய்வுநேர இயக்கம் ஆயுளை நீட்டுகையில், தொழிலிற் செய்யப்படும் கடும் இயக்கம் அதனைக் குறைக்கின்றது என்று வாதித்தனர். 104,046 டென்மார்க் மக்களைப் பற்றி அவர்கள் 2021 இல் வெளியிட்ட ஆய்வும் அதனையே கூறிற்று. காரணங்களும் காட்டப்பட்டன: ஓய்வுநேர இயக்கம் குறுகியது, விரும்பித் தெரிந்தது, பின்னர் இளைப்பாறல் உடையது, தொழில் இயக்கம் நீண்டது, அசையாது நின்றும் பாரம் தூக்கியும் செய்வது, குருதியமுக்கத்தை நாள்முழுதும் உயர்த்தி வைப்பது. இதற்கு மறுப்பும் உண்டு. கடும் உழைப்பாளர் வறியோராயும் புகைப்போராயும் இருத்தல் கூடும். அத்தாக்கத்தை முற்றாக நீக்குதல் அரிது. அதே 2021 இல் நோர்வேயிற் பெருந்தொகையினரைக் கொண்டு வெளிவந்த ஆய்வு, உடலுழைப்புத் தொழிலில் ஈடுபட்ட ஆண்கள் அமர்ந்து பணிசெய்வோரைவிடக் குறைந்த ஆயுளுடையோர் அல்லர் என்று கண்டது.

இவ்விவாதத்தில் நாம் ஒன்றை அழுத்திக் கூற விரும்புகின்றோம். லண்டன் நடத்துநரின் உழைப்பு எத்தகையது? அவர் தலையிற் பாரமின்றிப் படியேறியவர், தொழிற்சங்கம் உடையவர், வேலைநேரம் வரையறுக்கப்பட்டவர், இடைவேளையும் சிற்றுண்டிச்சாலையும் 1948 இன் பின் இலவச வைத்தியமும் பெற்றவர். சீமெந்து மூடை சுமக்கும் நாட்கூலியின் உழைப்பையும் அவரது உழைப்பையும் 'தொழில் இயக்கம்' என்னும் ஒரே தலைப்பின் கீழ் அடக்குதல் தகுமா? தசை செலவிடும் சக்தி ஒன்றாயிருக்கலாம். அதனைச் செலவிடும் உறவுகள் ஒன்றல்ல. முரண்பாட்டின் ஒரு பகுதியேனும் உடலில் இல்லை, உற்பத்தி உறவுகளில் உள்ளது என்பதே எமது கருத்து.

இது எமது நாட்டுக்கும் நேரடியாகப் பொருந்துவது. 1958 இல் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்ட பின், இலங்கைப் போக்குவரத்துச் சபை லண்டனிற் கழிக்கப்பட்ட இரட்டைத்தட்டு பஸ்களை நூற்றுக்கணக்கில் வாங்கியது. லண்டன் நடத்துநர் ஏறியிறங்கிய படிகளில் எமது நடத்துநரும் ஏறியிறங்கினர். ஆயின் நெரிசலும் வெப்பமும் வேறு, வேலைநேரம் வேறு. மலையகத்திற் கொழுந்து பறிக்கும் பெண் சரிவுகளிற் கூடையோடு நடக்கும் தூரமும், வட பகுதியிற் பனையேறும் சீவல் தொழிலாளி காலையும் மாலையும் ஏறும் உயரமும், உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வளர்ந்தோருக்கு விதந்துரைத்த வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட இயக்கத்தை ஒருசில நாட்களிலேயே கடந்துவிடும். எனினும் 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமற்ற பிள்ளைகள் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 17 சதவீதமாயிருக்க, தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 சதவீதமாயிருந்தனர். தாயின் நாள்முழு இயக்கம் பிள்ளையின் உயரமாக மாறவில்லை. இன்னொன்றையும் கூறவேண்டும். யாழ்ப்பாணச் சமூகத்தில் உடலுழைப்பு சாதியின் அடையாளமாக இருந்து வந்தது. வியர்வை இழிவாகக் கருதப்பட்டது. அம்மரபில் வளர்ந்த உத்தியோக வர்க்கம், வைத்தியரின் ஆலோசனைக்குப் பின் அதே வியர்வையைத் தேடிச் செல்கின்றது. 2010 களில் கொழும்பிலும் பிற நகரங்களிலும் அமைக்கப்பட்ட நடைபயிற்சிப் பாதைகள் பயனுடையவையே. அவற்றைக் கூட்டித் துப்புரவாக்கும் தொழிலாளியின் முழங்காலையும் முதுகையும் பற்றி எந்த அறிவுறுத்தற் பலகை பேசுகின்றது?

மொறிஸ் இவ்வினாவை மறந்தவரல்லர். 1977 இல் சேர் டக்ளஸ் பிளாக்கின் தலைமையில் அமைந்த குழுவில் பீற்றர் ரவுன்சென்ட், சிறில் சிமித் ஆகியோருடன் அவரும் இடம்பெற்றார். தேசிய சுகாதார சேவை வந்து முப்பதாண்டுகளின் பின்னும் வர்க்கங்களுக்கிடையிலான மரண வேறுபாடு குறையவில்லை என்று அக்குழு கண்டது. தச்சர் அரசாங்கம் அவ்வறிக்கையின் 260 பிரதிகளை மாத்திரம், விடுமுறைக்கு முந்திய வேளையில், ஓசையின்றி வெளியிட்டது. பின்னர், தொண்ணூறு வயதை எட்டும் வேளையில், மொறிஸ் ஒரு புதிய கணக்கைத் தொடங்கினார். ஆரோக்கியமாக வாழ்வதற்கு விஞ்ஞானம் எவற்றை விதிக்கின்றதோ அவற்றையெல்லாம் கடையில் வாங்கினால் என்ன செலவாகும்? உணவு, இருப்பிடம், பிறரோடு கூடிப்பழகல் ஆகியவற்றோடு உடலியக்கத்துக்கான செலவையும் அவரும் சகாக்களும் பட்டியலிட்டு விலையிட்டனர். 2000 இல் தனித்து வாழும் இளம் தொழிலாளருக்கும், 2007 இல் 65 வயதைக் கடந்தோருக்கும் இக்கணக்கு வெளியிடப்பட்டது. இரண்டாவது கணக்கின்படி, ஒரு முதியவர் ஆரோக்கியமாக வாழ்வதற்கு வேண்டிய ஆகக்குறைந்த வருமானம், அரசு வழங்கிய அடிப்படை ஓய்வூதியத்தைவிட ஏறத்தாழ அரைமடங்கு அதிகமாயிருந்தது. அக்கட்டுரை வெளிவந்தபோது மொறிஸுக்கு வயது 97.